கருப்பட்டி குடித்த முளைப்பாரி

ஓடைக்கரைப்பட்டியில் முளைப்பாரிக்கு விதை ஊன்றிய நாளிலிருந்து அது அம்மன் கோயில் பொட்டலுக்குப் போய்ச் சேரும் வரை ஆண்பிள்ளையின் கண் அதன்மேல் படக் கூடாது. ஊர்க்கட்டு அது. மேலூரிலிருந்து திருவாதவூர் போகும் பாதையில் இருக்கும் அந்த ஊருக்குள் எது எதுவோ வந்து எது எதையோ மாற்றியது. இந்தக் கட்டை மட்டும் எவரும் தொடவில்லை. பயறும் மொச்சையும் சோளமும் ஊன்றிய மண்சட்டியை வீட்டின் இருட்டறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால், வீட்டுக்கு எசமானே ஆனாலும் அவர் நிற்க வேண்டிய இடம் நிலைப்படிக்கு வெளியேதான்.

இன்னொரு கட்டும் உண்டு. பொட்டலில் அளந்த பிறகு அங்கிருந்து ஓடைக்குக் கிளம்பும் ஊர்வலத்தில் முன்னால் போவது பெரியவீட்டுப் பாரி. ஆனால் முதலில் போகிற பாரி ஒரு சாணுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அந்த வருஷம் முதலிடம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பெரியவீட்டில் ஒருபோதும் குறைந்ததில்லை. மழை பொய்த்த வருஷங்களில்கூட, கிணற்றில் தவளை செத்துக் கிடந்த வருஷத்தில்கூட, பாரி குறையவில்லை.

அந்தப் பெரியவீட்டின் இப்போதைய தலைக்கட்டு மலையாண்டி. எழுபது வயது. வேட்டியில் கஞ்சி, முதுகில் அதைவிட விறைப்பு. பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்தாலும் சாய மாட்டார். சாய்கிறவன் தூங்குவான், தூங்குகிறவன் வாயைப் பிளப்பான், வாயைப் பிளந்தவனை ஊர் பார்க்கும். மானம் போவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியும். அதில் தப்பொன்றும் இல்லை.

இந்த வருஷம் அவருக்கு ஒரே கவலை. எல்லா வருஷமும் பாரி வளர்த்த மனைவி முத்துத்தாய்க்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கட்டிலில் இருந்தபடி அதிகாரம் செய்வாளே தவிர, அறைக்குள் போய்க் குனிய முடியாது. பாரி மருமகள் நாகஜோதியின் கைக்குப் போய்விட்டது. நாகஜோதி மதுரை சிம்மக்கல்லில் மொத்தக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். மேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். கெட்டிக்காரிதான். ஆனால் சிம்மக்கல்லில் பயறு மூட்டையில் வந்திறங்குமே ஒழிய முளைத்து யாரும் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை விதை ஊன்றினார்கள். வெள்ளிக்கிழமை காலை டீக்கடையில் மைத்துனன் அழகுபாண்டி ஆரம்பித்தான். முத்துத்தாயின் உடன்பிறந்த தம்பி. கிரானைட் லாரி இரண்டு வைத்திருப்பவன். இரண்டாவது பாரி அவன் வீட்டுடையது.

"மச்சான், எங்க வீட்ல இருளாயி தண்ணி தெளிக்கக் குனிஞ்சா பயிரு மூக்குல இடிக்குதாம்."

"உன் பொண்டாட்டிக்கு மூக்கு நீளம் மாப்ள" என்றார் மலையாண்டி.

கடை சிரித்தது. அழகுபாண்டியும் சேர்ந்து சிரித்தான். சிரித்து முடித்து டீ கிளாஸை வைத்துவிட்டு, "வர்ற செவ்வாக்கிழமை ஊர்வலத்துல ஒங்களுது கொறஞ்சு போச்சுன்னா மனச விட்ராதீக. எங்களுக்குப் பின்னாலயே வாங்க. ஒங்களுக்காக மெதுவாத்தான் நடப்போம்" என்றான்.

கடை இன்னும் பலமாகச் சிரித்தது. மலையாண்டி பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலருகே போய் நின்றார்.

"எம்புட்டு வந்திருக்கு?"

"எது?"

"தெரியாத மாதிரிக் கேக்காத."

"ஆம்பளைக்குச் சொல்லக் கூடாதுல்ல" என்றாள் முத்துத்தாய்.

"அளவு வேணாம். சாணுக்கு மேலயா, கீழயா?"

"நானே பாக்கல. எந்திரிச்சுப் போக முடியுதா எனக்கு? ஒங்க மருமகளக் கேளுங்க."

மாமனார் மருமகளிடம் போய்ப் பாரியின் உயரத்தைக் கேட்பதா? அதைவிட அழகுபாண்டிக்குப் பின்னாலேயே நடந்துவிடலாம். அவர் கேட்கவில்லை. அறைக்கு வெளியே நின்று காதைத் தீட்டிப் பார்த்தார். பயிர் வளரும் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் நாகஜோதி செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். மலையாண்டி நடுவீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

"ஒரு விதைக்குள்ள என்ன இருக்கு?" என்றாள் நாகஜோதி. "மாவுச்சத்து. அது என்னது? ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் ஒண்ணோட ஒண்ணு கைகோத்து, கயிறு சுருட்டுன மாதிரி சுருண்டு செல்லுக்குள்ள கெடக்கு. தண்ணி பட்டதும் விதை முழிச்சுக்கும். நொதி வந்து அந்தச் சுருளை நறுக்கும். நறுக்குனா குளுக்கோஸ், அதாவது சர்க்கரை. அதுதான் முளைக்குச் சாப்பாடு."

பேப்பர் கொஞ்சம் இறங்கியது.

"இப்பக் கவனிங்க. அதே குளுக்கோஸ்தான். ஒண்ணு நேரா, அடுத்தது தலைகீழான்னு மாத்தி மாத்திக் கோத்துட்டா சுருளவே சுருளாது. வெறச்சு நேரா நிக்கும். அந்த மாதிரிச் சங்கிலி பல சேந்து கட்டா நின்னா அது செல்லுலோஸ். செடியோட ஒவ்வொரு செல்லுக்கும் அதுதான் சுவர். செடி நிமிந்து நிக்குதுன்னா இந்தச் சர்க்கரைக் கட்டாலதான்."

நிமிர்ந்து நிற்பதைப் பற்றிப் பேச்சு வந்ததும் மலையாண்டி பேப்பரை மடித்தே வைத்துவிட்டார். விறைப்புக்கு இப்படி ஒரு பரம்பரை இருப்பது இத்தனை நாள் அவருக்குத் தெரியாது.

"வெளிச்சத்துல நிக்கிற செடி தனக்கு வேண்டிய சர்க்கரையைத் தானே செஞ்சுக்கும். இருட்டுல வளர்ற முளைக்கு அந்த வழி கெடையாது. விதையில சேத்து வச்சதத்தான் திங்கணும். அது தீந்தா வளத்தியும் நின்னு போகும்" என்றாள் நாகஜோதி.

மலையாண்டியின் பார்வை வீட்டின் உள்பக்கம் போனது. இருட்டறையில், கதவு சாத்திய அறையில், பெரியவீட்டு மானம் பாட்டன் சொத்தை உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது. தீர்ந்துபோனால்? அழகுபாண்டி மெதுவாக நடப்பானாம்.

"சரி, இம்புட்டுச் சிரமம் எதுக்கு? விதை அந்தச் சர்க்கரையைச் சர்க்கரையாவே ஏன் வச்சுக்கல?" என்று நாகஜோதி பாடத்தின் அடுத்த பாதியை ஆரம்பித்தாள். அதற்குள் மலையாண்டி எழுந்து வெளியே போயிருந்தார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. முளைக்குச் சாப்பாடு சர்க்கரை. சாப்பாடு தீரப்போகிறதென்றால் போடுவதுதான் வீட்டுக்குப் பெரியவன் வேலை.

ஆனால் வெள்ளைச் சீனியை அம்மன் பயிருக்கு ஊற்றுவது மரியாதையாக இருக்காது. கருப்பட்டிதான் சரி. அதில் ஒரு சங்கடம். மலையாண்டிக்குச் சர்க்கரை வியாதி. வீட்டில் இனிப்பெல்லாம் முத்துத்தாயின் கட்டிலுக்கு அடியில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டியில் இருந்தது. எனவே சனிக்கிழமை காலை மேலூருக்குப் பஸ் ஏறினார்.

பழகின கடை. கடைக்காரர் கருப்பட்டியை நிறுத்துக்கொண்டே, "அண்ணே, ஒங்களுக்குத்தான் ஆகாதே. யாருக்கு?" என்றார்.

"சாமிக்கு."

"எந்தச் சாமிண்ணே?"

"எடைய ஒழுங்காப் போடுங்க."

மடியில் கட்டிக்கொண்டு வந்து, மோட்டார் கொட்டகையில் ஒரு செம்பில் கரைத்துக் கெட்டியாகப் பாகு போல ஆக்கினார். மத்தியானம் நாகஜோதி கும்மி பழகப் போனாள். முத்துத்தாய் கண்ணயர்ந்தாள். மலையாண்டி இருட்டறைக் கதவின் முன் வந்து நின்றார்.

கட்டு என்ன? கண் படக் கூடாது. கட்டை மீறுகிறவன் பெரியவீட்டுக்காரனாக இருக்க முடியாது. தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கண்ணை இறுக்கிக் கட்டினார். ஒளி புகுகிறதா என்று தலையை ஆட்டிப் பார்த்து, புகவே, இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு செம்பை இரண்டு கையாலும் ஏந்தி, பொங்கல் பானை தூக்குகிற பயபக்தியோடு நிமிர்ந்து உள்ளே நடந்தார்.

அந்த அறையின் நிலை குட்டையானது. மற்றவர்கள் குனிந்து போவார்கள்.

இடித்த இடியில் கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. சத்தம் போடவில்லை. கையால் துழாவினார். வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது, வாய் அகலமாக. சட்டி என்று நினைத்து நிதானமாகப் பாதியை ஊற்றினார். அப்புறம் கொஞ்சம் தள்ளி, விரலில் குளிர்ந்து மெத்தென்று ஏதோ கூசியது. பயிர். ஆக, முதலில் ஊற்றியது வேறெங்கோ. எங்கே என்று கட்டை அவிழ்த்துப் பார்க்க முடியாதே. மிச்சத்தைப் பயிருக்கு ஊற்றிவிட்டு வெளியேறினார். வெளியேறும்போதும் நிலை குட்டையாகவே இருந்தது.

சாயங்காலத்துக்குள் அவர் கருப்பட்டி வாங்கிய சேதி வீடு வந்து சேர்ந்திருந்தது. கடைக்காரர் யாரிடமோ சொல்ல, அந்த யாரோ போனில் முத்துத்தாயிடம் சொல்லிவிட்டார்.

"கைய நீட்டுங்க" என்றாள் முத்துத்தாய். பக்கத்தில் சர்க்கரை பார்க்கும் மிஷின்.

"எதுக்கு?"

"நீட்டுங்க சொல்றேன். நெத்தியில என்ன வீக்கம்?"

"மோட்டார் ரூம்ல இடிச்சுக்கிட்டேன்."

விரலில் குத்தி ரத்தம் எடுத்து வைத்தாள். எப்போதும் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டியது. முத்துத்தாய் மிஷினைத் தட்டினாள். மறுபடி குத்தினாள். அதே எண்.

ஞாயிற்றுக்கிழமையும் அவர் மேலூர் போனார்; கண்ணைக் கட்டிக்கொண்டு அறைக்குள்ளும் போனார். சாயங்காலம் அவள் மறுபடி குத்தினாள். இன்னும் குறைந்திருந்தது. பஸ்ஸுக்கும் கடைக்கும் நடந்த நடையில் சர்க்கரை இறங்கியிருக்கும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

"கிலோக் கணக்குல கருப்பட்டி திங்கிற மனுசனுக்குச் சக்கரை கொறையுது. இந்த மிஷின் விளங்காது" என்று தன் விரலையே குத்திப் பார்த்தாள். இருநூற்றைத் தாண்டியது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவள் சோற்றைக் குறைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் இருட்டறையிலிருந்து நாகஜோதியின் குரல் வந்தது.

"அத்தை, இங்க எறும்பு."

எறும்பு என்றால் ஒன்றிரண்டு அல்ல. கதவிடுக்கிலிருந்து கிளம்பி, நடுவீட்டைக் குறுக்காகக் கடந்து, கட்டில் கால் ஏறி, பூட்டுப் போட்ட தகரப் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கொல்லைக்குப் போனது வரிசை. உள்ளே சட்டியில் பயிர் தலை கவிழ்ந்து கிடந்தது. நாகஜோதி மண்ணை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"யாரோ கருப்பட்டியக் கரச்சு ஊத்தியிருக்காக. இம்புட்டு இனிப்பு வெளிய நின்னா வேருக்குள்ள இருக்கிற தண்ணிய வெளிய இழுத்துரும். தண்ணி போனா எந்தச் செல்லு நிக்கும்?" என்றாள். "அதுக்குத்தான விதை சர்க்கரையைச் சர்க்கரையா வச்சுக்காமக் கரையாத மாவா வச்சுக்குது. இதத்தான் வெள்ளிக்கெழம பாடம் எடுத்தேன்."

நடுவீட்டில் நின்றிருந்த மலையாண்டி சுவரைப் பார்த்தார்.

நாகஜோதி மேலும் பேசி நேரத்தைப் போக்கவில்லை. சட்டியின் அடியில் ஓட்டை இருந்தது. குடம் குடமாக நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி இனிப்பையெல்லாம் வடியவிட ஆரம்பித்தாள். ஆனால் முத்துத்தாயின் வாயை அடைக்க யாராலும் முடியவில்லை. பெரியவீட்டுப் பாரியைக் கெடுக்க ஊரில் யாருக்கு ஆசை இருக்கும்? அடுத்த பாரி யாருடையதோ அவர்களுக்குத்தானே. கட்டிலை வாசலுக்குப் போடச் சொல்லி, அங்கே இருந்தபடியே தம்பி பெண்டாட்டியைத் திட்ட ஆரம்பித்தாள்.

"ஏண்டி இருளாயி, நீ வெளங்குவியா? அம்மன் பயிருல கை வச்சவ கை வெளங்குமா?"

தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருளாயி வந்தாள். "நான் எதுக்கு ஒங்க சட்டிக்குக் கருப்பட்டி ஊத்தணும்? எங்க வீட்ல காப்பிக்கே கருப்பட்டி இல்ல. வந்து பாருங்க மதினி."

"இல்லாம எப்பிடிடி இருக்கும்? அதான் எங்க சட்டியில இருக்கே."

பத்து நிமிஷத்தில் தெரு நிறைந்தது. அழகுபாண்டி லாரியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஓடி வந்தான். சிரிப்பெல்லாம் போன முகம். "அக்கா, விளையாட்டு வேற, இது வேற. என் பொண்டாட்டி கோயில்ல சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணுவா. பண்ணிட்டான்னா அப்புறம் ஒன் வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்."

ஊர் கோயிலுக்குக் கிளம்பியது. மலையாண்டியும் நடந்தார். அவர் முதுகு அன்று நேராக இருந்ததா என்று யாரும் கவனிக்கவில்லை. வாயைத் திறக்காவிட்டால் இருளாயி சத்தியம் செய்வாள், உண்மையான சத்தியம்; அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு பெண்பிள்ளையைச் செய்யாத தப்புக்குச் சூடத்தின் முன்னால் நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு முதல் பாரிக்குப் பின்னால் எந்த முகத்தோடு நடப்பது? வாயைத் திறந்தால் பாரி அறைக்குள் போன ஆண்பிள்ளை என்று பேர். பாரியும் போகும், பேரும் போகும்.

சூடம் எரிந்தது. இருளாயி கையை ஓங்கினாள்.

"நிறுத்துத்தா" என்றார் மலையாண்டி. "ஊத்துனது நான்."

இருளாயி கையை இறக்கினாள். சூடம் தானாகவே எரிந்து அடங்கியது.

"நீங்களா?" என்றாள் முத்துத்தாய். நாற்காலியில் வைத்து அவளைத் தூக்கி வந்திருந்தார்கள். "அப்ப நீங்க கருப்பட்டி திங்கலையா?"

"நான் எதுக்குத் திங்குறேன்? பயிருக்குப் போட்டேன். இருட்டுல பட்டினி கெடக்கும்னு பாடத்துல சொன்னாக."

நாகஜோதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாரி வழக்கு என்றால் தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் சோணையம்மாள். கும்மிப் பாட்டு எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். பாரி விஷயத்தில் பூசாரியும் வாயைத் திறக்க மாட்டார். அவள் மலையாண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாரிய பாத்தீகளா?"

"பாக்கல. துண்டால கண்ணக் கட்டிக்கிட்டுத்தான் போனேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்றார்கள்.

"அதுக்கு என்ன சாட்சி?"

மலையாண்டி யோசித்தார். பிறகு துண்டைத் தலையிலிருந்து விலக்கி நெற்றியைக் காட்டினார். போகும்போது இடித்ததும் வரும்போது இடித்ததும், மறுநாள் போகும்போது இடித்ததும் வரும்போது இடித்ததும் தனித்தனியாகத் தெரிந்தன.

"இன்னொரு சாட்சியும் இருக்கு" என்றாள் நாகஜோதி. "பாதிப் பாகு பக்கத்துல இருந்த பழைய மிக்ஸி ஜாருக்குள்ள கெடந்துச்சு. கண்ணு தெரிஞ்சவுக யாரும் மிக்ஸிய வளக்க மாட்டாக."

அதற்குமேல் அடக்க யாராலும் முடியவில்லை. முதலில் சிரித்தவள் இருளாயி. அப்புறம் அழகுபாண்டி. பூசாரி தூணைப் பிடித்துக்கொண்டார். முத்துத்தாய் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடி, முழங்கால் வலித்து, "ஆத்தே" என்று அதற்கும் சிரித்தாள். மலையாண்டி மட்டும் நிமிர்ந்தபடி நின்றிருந்தார்.

சோணையம்மாள் கையை உயர்த்தினாள். "கண்ணு படல. அதனால கட்டு மீறல. மொதப் பாரி அவுக வீட்டுக்குத்தான், நாளைக்கு ஒரு சாண் இருந்தா. ஆனா பொம்பளைக காரியத்துல கை வச்சிருக்காக. கை வச்சவுக முழுசா வைக்கட்டும். நாளைக்கு எங்களோட குனிஞ்சு மூணு சுத்துக் கும்மி கொட்டணும்."

"குனிஞ்சா?" என்றார் மலையாண்டி.

"நிமிந்து கொட்டுனா அது கும்மியா?"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பொட்டலில் பாரிகள் வந்து இறங்கின. நாகஜோதி தலையிலிருந்து இறக்கியதைத்தான் மலையாண்டி முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார். கழுவி எடுத்த பயிர் தேறியிருந்தது. வெளிறின மஞ்சளாக, கொஞ்சம் நடுக்கத்தோடு, ஆனால் எழுந்து நின்றது. எவ்வளவு என்றுதான் தெரியவில்லை. அழகுபாண்டி கல்லுத் தூக்கின கையை விரித்துக்கொண்டு அளக்க வந்தான். அந்தச் சாண் ஒரு முழத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

"தள்ளுடா" என்றாள் சோணையம்மாள். "பாரி பொம்பளைக காரியம். பொம்பளை சாணுதான் கணக்கு."

"அப்ப நான் அளக்கவே கூடாதா?"

"அளக்கலாம். ஒங்க மச்சான் மாதிரி கண்ணக் கட்டிட்டு வா."

அவள் தன் சுருங்கின கையின் கட்டை விரலைச் சட்டி மண்ணில் ஊன்றிச் சுண்டு விரலை மேலே விரித்தாள். சுண்டு விரலுக்கு மேலே இரண்டு இலை எட்டிப் பார்த்தன. குலவை பொட்டலைத் தூக்கியது. முத்துத்தாய் நாற்காலியில் இருந்தபடியே தன் தம்பியைப் பார்த்து, "மெதுவா நடந்து வா தம்பி, நாங்க காத்திருக்க மாட்டோம்" என்றாள்.

பிறகு எல்லாருடைய கண்களும் மலையாண்டிமேல் திரும்பின.

அவர் துண்டை இடுப்பில் கட்டினார். வட்டத்துக்குள் போனார். பாட்டு எழுந்தது. குனிந்தார். எத்தனையோ வருஷமாகக் குனியாத இடுப்பு நெல் மூட்டை கீறினது போல ஒரு சத்தம் போட்டது. கையை எங்கே தட்டுவது, காலை எப்போது எடுப்பது, எதுவும் பிடிபடவில்லை. முன்னால் போனவள் திரும்ப இவர் திரும்பவில்லை. பின்னால் வந்த இருளாயி முதுகில் மோதினாள்.

"அண்ணே, பாத்துக் கொட்டுங்க. எனக்கு மூக்கு வேற நீளம்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குனிந்த வாக்கில் சிரித்ததால் நிறுத்தவும் தெரியவில்லை. இரண்டாவது சுற்றில் கை தாளத்துக்கு வந்தது. மூன்றாவதில் கால் வந்தது. சோணையம்மாள் பாட்டை நிறுத்தி, "போதும்ண்ணே, தண்டன முடிஞ்சது" என்றாள்.

மலையாண்டி நிற்கவில்லை.

"இப்பத்தான் வருது. பெரியவீட்டுக்காரன் எதையும் அரகொறையாச் செய்ய மாட்டான். நீ பாடு" என்றார்.

வட்டத்துக்கு வெளியே நின்ற அழகுபாண்டி வேட்டியை மடித்துக் கட்டினான். "எங்க மச்சான் பொம்பளைக நடுவுல தனியா ஆடுனா எங்க அக்காளுக்குத்தான் அசிங்கம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே குதித்தான். அவனைப் பார்த்து லாரி டிரைவரும், டிரைவரைப் பார்த்து பூசாரியும் இறங்கினார்கள். வட்டம் இடம் போதாமல் கோணிக்கொண்டு பொட்டலின் ஓரம் வரை போனது. இதற்கு ஊர்க்கட்டில் இடமுண்டா என்று கேட்க வாயெடுத்த சோணையம்மாள், கேட்டாலும் யார் காதிலும் விழாது என்று கண்டு, பாட்டை இன்னும் வேகமாகத் தூக்கிக் கொடுத்தாள்.